மதினியின் பெயருக்கு மேலே

மதினியின் பெயருக்கு மேலே தன் பெயரை எழுத இலைசானேவுக்குக் கை வரவில்லை.

பள்ளிக்கூடத்துப் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி வெயில். விடியற்காலை ஐந்தரைக்குத் திராட்சைத் தோட்டத்தில் இறங்கியவள், உச்சிப்பொழுதில் முதலாளி போதுமென்று விரட்டியபின் வீட்டுக்கு வந்து, விரலிடுக்கில் பிசுபிசுத்த சாறு போகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பேனாவை எடுத்திருந்தாள். டோங்காத் தீவை விட்டு அவர்கள் பிழைக்க வந்த வெள்ளைக்கார ஊரான வாரிங்காவில் ஜனவரிக் கடைசி என்றால் பழம் பறிப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதும்தான் பேச்சு. ஆறு வருஷமாக முதல் வேலையை மட்டும் பார்த்து வந்தவளுக்கு இந்த வருஷம்தான் இரண்டாவதும் வாய்த்திருக்கிறது. அடுத்தவர் பிள்ளைகளின் புதுப் பைகளையும் தொப்பிகளையும் பார்த்துப் பொருமியது போதும் என்றிருந்தது அவளுக்கு.

படிவத்தில் 'பெற்றோர் 1' என்று ஒரு கட்டம். கீழே 'பெற்றோர் 2' என்று இன்னொன்று. மூன்றாவது கட்டம் இல்லை.

டோங்காக்காரர் வீட்டில் அப்பாவுடைய மூத்த அக்காவுக்கு மேலே ஆள் கிடையாது. பிள்ளைக்குப் பெயர் வைப்பவள் அவள். கல்யாண வீட்டில் முதல் பாய் அவளுக்கு, சாவு வீட்டில் தலைமாடு அவளுக்கு. தம்பி வீட்டில் அவள் பன்றியைக் கேட்டால் பன்றியைக் கொடுக்க வேண்டும், பிள்ளையைக் கேட்டால் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சியாலே பிறந்த ஐந்தாம் நாள், பிள்ளையில்லாத மதினி அகோசித்தா கேட்டாள். அவள் தம்பி லிசியாதே, இலைசானேவின் புருஷன், கொடுத்தான். பெற்றவள் இலைசானேவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கலைந்ததோடு சரி, வேறு பிள்ளையும் இல்லை.

இப்போது தீவில் கடல் வீட்டுக்குள் வந்து போனபின், புருஷனையும் இழந்த அகோசித்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூன்று மாத விசாவில் வந்திருக்கிறாள். "இவ இனிமே இங்கயே இருந்து படிக்கட்டும். நான் திரும்பிப் போறேன்" என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதுவும் அவள் முடிவுதான். இந்தத் தடவை அந்த முடிவு இலைசானேவுக்குப் பிடித்திருந்தது.

முதல் கட்டத்தில் 'அகோசித்தா' என்று எழுதினாள். இரண்டாவதில் 'இலைசானே'. லிசியாதேவுக்கு இடமில்லை. ஆம்பிளைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காற்றாடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சியாலேவின் தலையில் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள் அகோசித்தா.

"எழுதிட்டியா?"

"ஆச்சு மதினி."

"அடிச்சுத் திருத்தாத. அடிச்சு எழுதினதப் பார்த்தா வெள்ளக்காரங்களுக்குச் சந்தேகம் வந்துரும்."

"மாமி," என்றாள் சியாலே, தலையை ஆட்டாமல். "அங்க எல்லாரும் ஷூ போட்டுக்கிட்டேதான் கிளாஸுக்குள்ள போவாங்களா?"

"ஆமாடா கண்ணு."

"தரை அழுக்காகாதா?"

அகோசித்தாவை அம்மா என்று கூப்பிடும் பிள்ளைக்கு அகோசித்தாவின் தம்பி மாமா, அவன் பெண்டாட்டி மாமி. முறை பிசகாமல்தான் கூப்பிட்டது பிள்ளை. ஒவ்வொரு தடவையும் இலைசானேவுக்குத்தான் எங்கோ சுருக்கென்றது.

பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷமாக இருப்பவள் டெப்ரா. நல்ல மனுஷி. படிவத்தை வாங்கிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். இலைசானேவைப் பார்த்தாள். சுவரோர நாற்காலியில் ஓலை விசிறியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அகோசித்தாவைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம்மா. கூச்சமே பட வேண்டாம், என்ன? உங்க மாதிரி இன்னொரு குடும்பமும் நம்ம ஸ்கூல்ல இருக்கு. அருமையான பிள்ளைங்க."

"டோங்காக்காரங்களா?"

"இல்லல்ல, இந்த ஊர்தான். உங்க மாதிரின்னா, ரெண்டு பேருமே அம்மா."

இலைசானே புருவத்தை உயர்த்தினாள். அவர்கள் ஊரில் அப்படிச் செய்தால் ஆமாம் என்று அர்த்தம்.

"சேர்ந்து எத்தனை வருஷமாச்சு?"

அந்த வீட்டுக்கு மருமகளாய்ப் போய் எத்தனை வருஷம் என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "பத்து" என்றாள் இலைசானே.

"பத்து வருஷம்! கேக்கவே நல்லா இருக்கு." டெப்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வானவில் ஸ்டிக்கரை எடுத்துச் சியாலேவின் கையில் கொடுத்தாள். பிறப்புச் சான்றிதழையும் விசாவையும் திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த ஸ்டிக்கரை அகோசித்தா தன் விசிறியில் ஒட்டிக்கொண்டாள். பிரளயம் வடிந்தபின் நோவாவுக்குக் கடவுள் காட்டிய வானவில் என்று அவளுக்கு அதில் அத்தனை சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து அதை வைத்து வீசிக்கொண்டிருந்தாள். பின் வரிசையிலிருந்த, இலைசானேவோடு பழம் பறிக்கிற மெலெசெய்னி அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் தோட்டத்தில், ஒரே கொடி வரிசையின் இரண்டு பக்கமும் நின்று பறிக்கும்போது மெலெசெய்னி இலைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். இருபது வருஷமாக வாரிங்காவில் இருப்பவள், அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

"ஏ இலைசானே, உன் மதினிக்கு அந்த ஸ்டிக்கர் எங்க கிடைச்சுது?"

இலைசானே நடந்ததைச் சொன்னாள். பழத்தின் மேல் படிந்த வெண்பூச்சு கலையாமல் காம்பைப் பிடித்துக் குலையைத் தூக்கி, அழுகல் ஒன்றிரண்டைக் கத்தரிக்கோலால் தட்டிவிட்டுப் பெட்டியில் வைத்தபடியேதான் சொன்னாள். மெலெசெய்னியின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"அடிப்பாவி! உனக்கும் உன் மதினிக்கும் கல்யாணம் ஆயிருச்சுடி!"

"என்னது?"

"பொம்பளையும் பொம்பளையும் கட்டிக்கிட்டுப் பிள்ளை வளர்க்கறாங்கல்ல, அதுக்குத்தான் அந்த வானவில். பத்து வருஷத்துத் தாம்பத்யம்னு பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. எங்களையெல்லாம் கூப்பிடல, ஒரு வாய் சோறு போடல!"

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். இலைசானேவும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். வரிசைக் கடைசியில் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பெட்டி ஏற்ற வந்த லிசியாதே மட்டும் சிரிக்கவில்லை.

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு?" என்றான். "நாலு வருஷமா பாலத்துல நிக்கிறோம். நிரந்தர விசா ஃபைல்ல என்ன எழுதிக் கொடுத்திருக்கு? புருஷன் நான், பெண்டாட்டி இவ, ஒரே மக சியாலே, டோங்காவுல இருக்கான்னு எழுதியிருக்கு. பள்ளிக்கூடத்து ஃபைல்ல வேற மாதிரி இருந்தா? எவனாச்சும் ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தா?"

பாலம் என்பது பிரிட்ஜிங் விசா. பழைய விசா முடிந்து புதியது வரும்வரை நிற்கிற இடம். தோட்டத்தில் எல்லாரும் அதைப் பாலம் என்றே சொல்வார்கள், அதில் நின்றிருக்காதவர்கள் குறைவு. சிரிப்பு அடங்கிவிட்டது.

மத்தியானமே புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். டெப்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள். புதுப் படிவம் எடுத்து, "ஒண்ணும் கெட்டுப் போகல, மாத்திருவோம். சான்றிதழக் குடுங்க" என்றாள்.

அகோசித்தா தன் பைபிளுக்குள் வைத்திருந்த உறையை அப்படியே கொடுத்தனுப்பியிருந்தாள். அதை அதுவரை இவர்கள் இருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. யார் பெற்றது என்று ஊருக்கே தெரிந்த பிள்ளைக்குக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

டெப்ரா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "தாய், அகோசித்தா. தகப்பன் பேரும் வேற."

"அது அக்கா புருஷன். இறந்துட்டார்" என்றான் லிசியாதே.

"அப்ப இது உங்க பிள்ளை இல்லையா?"

"என் பிள்ளைதான்" என்றாள் இலைசானே. சொல்லிவிட்டு, யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று சுற்றிப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இருக்கலாம்மா. பேப்பர் அப்படிச் சொல்லலியே. பேப்பர்படி இவ டூரிஸ்ட் விசாவுல வந்த ஒரு அம்மாவோட பிள்ளை. டூரிஸ்ட் பிள்ளைய நான் ரிஜிஸ்டர்ல ஏத்த முடியாது. உங்க பிள்ளைன்னு ஆனா, உங்க பாலத்துலயே அவளும் ஏறிக்கலாம், அன்னைக்கே கிளாஸ்ல உட்கார வைக்கிறேன். ஒரு வக்கீலப் பாருங்க. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

மாதத்தில் ஒருநாள் நூலகத்துக்கு வந்து இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீலைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க ஃபைல்ல எழுதினது உண்மை. பேப்பர்தான் பொய் சொல்லுது. எச்சில் எடுத்துச் சோதிச்சா பெத்தவங்க யாருன்னு தெரிஞ்சிரும். ஆனா அது மட்டும் போதாது. தாய்னு பேர் இருக்கிற அந்தம்மா உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். 'இது நான் பெத்த பிள்ளை இல்ல, இவ மேல எனக்கு எந்த உரிமையும் இல்ல'ன்னு. அவங்க விசா முடியறதுக்குள்ள. போடலைன்னா பிள்ளை அவங்களோட திரும்பிப் போக வேண்டியதுதான். உங்க ஃபைலும் சிக்கலாகும்."

அகோசித்தா வந்ததிலிருந்து லிசியாதேவின் குடியிருப்பு பின்பக்கத் தகரக் கொட்டகையில். அக்கா உட்கார்ந்திருக்கும் அறையில் தம்பி உட்காரக் கூடாது, அக்கா காதில் விழும்படி சிரித்துப் பேசக் கூடாது. சொந்த வீட்டில் அவன் குளியலறைக்குப் போகக்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான். சாயங்காலம் இலைசானே சோற்றுத் தட்டோடு போனபோது பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நீதான் கேக்கணும்" என்றான்.

"எந்த வாயால கேக்க?"

"நான் கேக்க முடியுமா? எங்க அக்காகிட்ட நேருக்கு நேர் பேசி இருபது வருஷமாச்சு. உப்பு வேணும்னாக்கூட உன்கிட்டதான சொல்லி விடறேன்."

"உப்பும் இதுவும் ஒண்ணா?"

அவன் மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தான். மெல்லவில்லை.

"அஞ்சாம் நாள் உங்க அக்கா பிள்ளையப் பாயில சுத்தி எடுத்தாங்க" என்றாள் இலைசானே. "நீங்க வாசல்ல நின்னு தென்னமரத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் கல்லாயிருச்சு. துணியக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட?"

அவன் வாயிலிருந்த கிழங்கை விழுங்கினான். "இப்பக் கேளு" என்றான். "பிள்ளை படிப்புக்காகக் கேளு."

"அதான் பயமா இருக்கு. படிப்புக்காகக் கேக்கறேன்னு நினைப்பாங்களா, எனக்காகக் கேக்கறேன்னு நினைப்பாங்களா?"

"நீ எதுக்காகக் கேக்கப்போற?"

இலைசானே தட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. தெருவில் நீலத் தொப்பிகள் போவதைச் சியாலே வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தாள். புதுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள், சாப்பிடும்போதும் கழற்றவில்லை. இலைசானே நாலு நாள் வாயைத் திறக்க முயன்று நாலு நாளும் மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இலைப்பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்கள். சேம்பிலை கிடைக்காத ஊர், கீரையை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். உப்புக்கறி, வெங்காயம், தேங்காய்ப்பால் வைத்து நாலு பக்கமும் மடிக்க வேண்டும்.

"இப்படிக் கிழிச்சா பாலெல்லாம் ஒழுகிரும்" என்றாள் அகோசித்தா. "நாலு நாளா நீ என் முகத்தைப் பார்க்கல. என்னன்னு சொல்லித் தொலை."

இலைசானே சொன்னாள். கீரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் தம்பி கேக்கச் சொன்னானா?"

"சொன்னார் மதினி. ஆனா கேக்கறது நான்தான்."

அகோசித்தா ஒரு பொட்டலத்தை மடித்து முடித்து வரிசையில் வைத்தாள்.

"பெத்தது நான் இல்லைன்னு எழுதணும். சரி, அது உண்மை. அது என்ன, எந்த உரிமையும் இல்லைன்னு? என் தம்பி பிள்ளை மேல எனக்கு உரிமை இல்லையா? ராஜாவே வந்து சொன்னாலும் செல்லுமா அது?"

"அது அவங்க பேப்பர் பாஷை மதினி."

"பாஷையா? நாளைக்கு இவ கல்யாணத்துல உரிமையில்லாதவ எங்க உட்காருவா? வாசல்லயா? செருப்புக்குப் பக்கத்துலயா?"

இலைசானேவுக்குள் ஒன்பது வருஷமாகக் கிடந்தது அந்த நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டது. "வளர்க்கத்தான கேட்டீங்க?" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தும் நிறுத்தவில்லை. "வளர்க்கக் கேட்டவங்க அம்மான்னு எதுக்கு உங்க பேரை எழுதினீங்க? அந்த ஒரு இடத்தையாவது எனக்கு விட்டிருக்கலாம்ல?"

அகோசித்தா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் எழுதச் சொன்னேனா? பிறப்பு எழுதற ஆபீசர் படகுல வந்த அன்னைக்கு நீயும்தான இருந்த. பிள்ளையோட அம்மா யாருன்னு உன்னைப் பார்த்துத்தான கேட்டான். நீ தலையக் குனிஞ்சுக்கிட்டு என் பக்கம் கையக் காட்டின."

இலைசானேவுக்கு அந்த ஆள் நினைவுக்கு வந்தான். முழங்கால்வரை நனைந்த கால்சட்டை. மதினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தன் பெயரை முதலில் எப்படிச் சொல்வது? முதலில் மதினி பெயரைச் சொல்வோம், அப்புறம் நம் பெயரைக் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

"மரியாதைக்குச் சொன்னேன் மதினி. அவன் என்னைக் கேக்கவே இல்ல அப்புறம்."

"மரியாதைக்கா?" என்றாள் அகோசித்தா. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பிள்ளையைக் கொடுத்தவ அம்மாங்கிற பேரையும் சேர்த்துக் கொடுத்துட்டாளேன்னு நினைச்சேன். அன்னைக்குப் பூரா அழுதேன்."

"நான் கொடுக்கல மதினி. நீங்க எடுத்துக்கிட்டுப் போனீங்க."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

"ஒன்பது வருஷமா தினம் காலைல உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்றேன்" என்றாள் அகோசித்தா. "மனசாரக் கொடுத்த புண்ணியவதின்னு." பிறகு அடுத்த கீரையை எடுத்து விரித்தாள். விரித்தவள் அதில் ஒன்றும் வைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். "அந்த வக்கீல எழுதச் சொல்லு."

மருந்துக்கடைக்காரர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டால் செல்லும் என்றார் வக்கீல். புதன்கிழமை வேலை முடிந்து வந்த இலைசானே, புறப்பட்டு நின்ற மதினியைப் பார்த்துப் பதறிப்போனாள். அகோசித்தா இடுப்பில் சாவுப் பாயைக் கட்டியிருந்தாள். சாவு வீட்டில் கடைசி வரிசையில், சமையல்கட்டில் புகைக்குள் கிடப்பவர்கள் கட்டும் பெரிய கிழிசல் பாய் அது. இலைசானே தனக்கென்று அலமாரிக்கு அடியில் வைத்திருந்தது. தம்பி வீட்டுச் சாவு ஒன்றிலும் அகோசித்தா அந்த மாதிரிப் பாயைத் தொட்டதுகூடக் கிடையாது.

"மதினி, வேண்டாம். அவுத்துருங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"உரிமையில்லாதவ எதைக் கட்டணும்னு எனக்குத் தெரியும். நடடி."

மருந்துக்கடையில் தகப்பனும் அதே நேரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வாசலில் வெயிலில் நின்ற லிசியாதேவைக் கூப்பிட்டார்கள். அவன் உள்ளே வந்து, அக்கா நாற்காலியில் இருப்பதைப் பார்த்து, அவள் தலைக்கு மேல் நிற்கக் கூடாதென்று ஷாம்பு அடுக்குக்கு அடியில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மருந்து வாங்க வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சியாலே பையை மாட்டியபடி இலைசானேவின் பக்கத்தில் நின்றாள். அவளை வீட்டில் விட்டு வர ஆளில்லை.

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர். எங்கோ நகரத்திலிருக்கும் டோங்காப் பெண். மருந்துக்கடைக்காரர் கேள்வியைப் படித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இருக்கீங்களா?" என்றார் அவர்.

"இருக்கேன்." அவள் டோங்கா மொழிக்கு மாறினாள். "பெரியவங்க மன்னிக்கணும். இதை என் வாயால உங்ககிட்டக் கேக்க வேண்டியது என் வேலை. இந்தப் பிள்ளை நீங்க பெத்ததா?"

"இல்ல."

"இவ மேல உங்களுக்கு உரிமை ஏதாவது இருக்கா?"

அகோசித்தா கடையின் கூரையைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த லிசியாதேவின் தோள்கள் குலுங்கின. அக்கா முன்னால் அழவும் கூடாது, அதனால் முகத்தை அடுக்குக்குள் திருப்பிக்கொண்டான்.

"இல்ல" என்றாள் அகோசித்தா.

கையெழுத்து நன்றாகவே வந்தது. வெளியே வந்ததும் பாயை அவிழ்த்து மடித்து இலைசானேவிடம் கொடுத்தாள். சியாலேவைத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"உன்னைப் பெத்தது இவ. உனக்குத் தெரியும்தான?"

"தெரியும். எல்லாரும் சொல்வாங்க."

"இனிமே இவதான் அம்மா. நான் அத்தை. அம்மாவைவிட அத்தை பெரிசு, அதுவும் தெரியுமில்ல? எங்க, கூப்பிடு பார்ப்போம்."

சியாலே பையின் வாரைக் கடித்தாள். கூப்பிடவில்லை.

அடுத்த வாரமே எச்சில் பரிசோதனை முடிந்தது. அதற்கடுத்த வாரம் வக்கீலின் கடிதம் வந்தது, சியாலேவும் பாலத்தில் ஏறிவிட்டாள் என்று. டெப்ரா அவளைத் தானே கைப்பிடித்து வகுப்பில் கொண்டுபோய் விட்டாள். நிரந்தர விசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பிள்ளை தினமும் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, கற்ற பாட்டைப் பாடிக் காட்டினாள். இலைசானேவுக்கு அதுவே போதும் என்று தோன்றிய நாட்களும் உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் யாரும் பேசவில்லை. மருந்துக்கடையிலிருந்து வந்த நாள் முதல் சியாலே ஒருவரையும் முறை சொல்லிக் கூப்பிடவில்லை. மாமியும் இல்லை, அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. "தண்ணி வேணும்" என்று பொதுவாகச் சொல்வாள். "இங்க பாருங்க" என்பாள். யாரைப் பார்க்கச் சொல்கிறாள் என்று தெரியாமல் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அப்புறம் இருவரும் வேலையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார்கள்.

மார்ச் மாதக் கடைசியில் பறிப்பு முடிந்து கொடிகளில் இலை பழுக்க ஆரம்பித்தபோது அகோசித்தாவின் விசா முடிந்தது. காலை பஸ். பெட்ரோல் பங்க் வாசலில் நின்றார்கள். லிசியாதே பெட்டிகளைப் பஸ்ஸின் வயிற்றில் ஏற்றிவிட்டு, அக்காவின் பார்வையில் படாமல் பின்சக்கரத்துக்கு அருகே போய் நின்றுகொண்டான். பள்ளிச் சீருடையில் நின்ற சியாலேவின் இரண்டு கன்னத்திலும் மூக்கை அழுத்தி மோந்து பார்த்தாள் அகோசித்தா. இலைசானேவின் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தாள். படியில் ஏறினாள்.

ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பினார். வண்டி முழுக்க அதிர்ந்தது.

"அத்தை!" என்றாள் சியாலே.

அகோசித்தா உள்ளே போய் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! அத்தை!"

தொண்டை கிழியக் கத்தினாள் பிள்ளை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அகோசித்தா இருக்கை எண்ணைத் தேடி நடந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக அம்மா என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பழகிய காது. அந்த இரைச்சலில் வேறு யாரோ வேறு யாரையோ கூப்பிடுவதாகத்தான் அவளுக்குக் கேட்டது.

இலைசானே ஓடிப்போய் எம்பி ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். தட்டிக்கொண்டே கத்தினாள்:

"மதினி, உங்களைத்தான் கூப்பிடறா! மதினி, அது நீங்கதான்!"